இருபது இலக்க எண் ஒன்றைப் பென்சிலும் தாளும் கொண்டு பிரித்துப் பார்ப்பது எப்படி?

18446744073709551615.

இதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பாதியிலேயே எந்த இலக்கத்தில் நிற்கிறோம் என்பது குழம்பிவிடும். இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்தால் பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடலாம். கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் இந்த எண்ணை எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட முடியும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

தேவையானவை கட்டம் போட்ட நோட்டு, பென்சில், அழிப்பான். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

முதலில் எண்ணைப் படிக்கும் விதத்தில் எழுதுங்கள்

நம் ஊர் வழக்கப்படி கோடி கோடியாகப் பிரிக்க, வலப்பக்கத்திலிருந்து ஏழேழு இலக்கமாக வெட்டுங்கள்: 184467 | 4407370 | 9551615. அதாவது 1,84,467 கோடி கோடி, 44,07,370 கோடி, அப்புறம் 95,51,615. இப்போது படிக்க முடிகிறது அல்லவா? பின்னால் ஒரு சோதனைக்காக மும்மூன்றாகவும் வெட்டி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 18 | 446 | 744 | 073 | 709 | 551 | 615.

கால்குலேட்டரை ஏன் ஓரம் வைக்கச் சொல்கிறேன் என்றால், சாதாரண கால்குலேட்டரில் இருபது இலக்கம் அடங்காது. 1.8446744 என்று காட்டிவிட்டு, பத்தின் 19ஆம் அடுக்கு என்று ஒரு குறிப்பு போடும். எக்செலில் தட்டினால் முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைப் பூஜ்ஜியமாக்கிவிடும். கடைசி இலக்கம் 5 என்பதே காணாமல் போய்விட்டால் வகுபடும் தன்மையைப் பற்றிப் பேசி என்ன பயன்? பைத்தான் மாதிரியான நிரல்மொழியில் 2**64-1 என்று தட்டினால் இருபது இலக்கமும் பிசகாமல் வரும். விடையைச் சரிபார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள், கணக்கைக் கையால் போடுங்கள்.

எங்கே பிறந்தது என்று கேளுங்கள்

பெரிய எண் எதைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இலக்கங்களை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் புலப்படாது. எப்படி உருவானது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்த எண் சதுரங்கப் பலகையில் பிறந்தது. முதல் கட்டத்தில் ஒரு நெல், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்துக்கொண்டே போனால், 64 கட்டங்களிலும் சேர்ந்து எத்தனை நெல்? ராஜாவிடம் இதையே பரிசாகக் கேட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வடக்கே சிஸ்ஸா என்ற அறிஞர் பெயரில் கோதுமையாகச் சொல்வார்கள். கேரளத்தில் அம்பலப்புழைக் கோயில் பால்பாயசத்தோடு சேர்த்து அரிசியாகச் சொல்வார்கள். கி.பி. 1000 வாக்கிலேயே அல்பிரூனி என்ற அறிஞர் இந்தக் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டிருக்கிறார்.

ஆயிரம் அரிசி சுமார் 20 கிராம் என்று வைத்தால், மொத்தம் ஏறக்குறைய 36,900 கோடி டன். இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன் சொச்சம். ராஜா ஏழு நூற்றாண்டுக்கு உலை வைக்காமல் அளந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

நமக்கு வேண்டியது அதன் வடிவம். 1 + 2 + 4 + 8 + … என்று கூட்டிப் பாருங்கள். 1, 3, 7, 15, 31 என்று வரும். ஒவ்வொரு முறையும் அடுத்த கட்டத்து நெல்லைவிட ஒன்று குறைவு. 64 கட்டம் முடிந்ததும் அடுத்த கட்டம் இருந்திருந்தால் அதில் 2⁶⁴ நெல் இருக்கும். ஆகவே நம் எண் 2⁶⁴ − 1. கணினியில் 64 பிட்டும் 1 ஆக இருக்கும்போது வருவதும் இதே எண்தான். குறியில்லா 64 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு இது. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் பழைய ஸ்கூட்டரின் மீட்டர் சுற்றி வருவதுபோலப் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும்.

ஒருமுறை நீங்களே அதைச் செய்து பாருங்கள்

நான் சொன்னேன் என்பதற்காக இந்த இருபது இலக்கத்தையும் நம்பிவிடாதீர்கள். 64 முறை இரட்டிக்கத் தேவையில்லை, வர்க்கப்படுத்தினால் போதும். 16இன் வர்க்கம் 256. அதன் வர்க்கம் 65536. அதன் வர்க்கம் 4294967296. இது 2³². இன்னும் ஒரே ஒரு முறை.

அந்தக் கடைசி வர்க்கத்துக்கு எண்ணை நான்கு நான்கு இலக்கமாக வெட்டுங்கள்: 42 | 9496 | 7296. பிறகு (அ + ஆ + இ)² சூத்திரம்தான்.

42² = 1764
2 × 42 × 9496 = 797664
2 × 42 × 7296 + 9496² = 612864 + 90174016 = 90786880
2 × 9496 × 7296 = 138565632
7296² = 53231616

ஒவ்வொரு வரியையும் அதற்கு முந்தைய வரியைவிட நான்கு இடம் வலப்பக்கம் தள்ளி எழுதிக் கூட்டுங்கள். கடைசி வரியின் கடைசி இலக்கம் ஒன்றின் இடத்தில் நிற்க வேண்டும். 18446744073709551616 வரும்.

நான் முதன்முதலில் இதை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போட்டபோது நான்காவது வரியை மூன்று இடம் மட்டும் தள்ளி எழுதிவிட்டேன். விடை பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. காட்டிக்கொடுத்தது இலக்கக் கூட்டல். 4294967296இன் இலக்கங்களைக் கூட்டினால் 58, பிறகு 13, பிறகு 4. அதன் வர்க்கம் 16, அதாவது 7. ஆகவே விடையின் இலக்கங்களைக் கூட்டினாலும் கடைசியில் 7 வர வேண்டும். மேலே உள்ளதில் 88, 16, 7. சரி. ஆனால் எனக்கு நடந்த இடத்தள்ளல் தவறு மட்டும் என்றால் இந்தச் சோதனை அதைப் பிடித்திருக்காது, ஏனென்றால் பூஜ்ஜியம் கூடினாலும் குறைந்தாலும் இலக்கக் கூட்டல் மாறாது. அதே வரியில் ஒரு மிச்சத்தையும் கூட்ட மறந்திருந்தேன். அதனால்தான் மாட்டினேன். அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசி இலக்கங்களையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது.

அதற்கும் வழி இருக்கிறது. 2²⁰ = 1048576. கடைசி இரண்டு இலக்கம் 76. 76ஐ 76ஆல் பெருக்கினால் 5776, மறுபடியும் 76. ஆகவே 2⁴⁰, 2⁶⁰ எல்லாமே 76இல் முடியும். 2⁶⁴ என்பது 2⁶⁰ × 16. 76 × 16 = 1216. எனவே கடைசி இரண்டு இலக்கம் 16, ஒன்று கழித்தால் 15.

போகிற போக்கில் ஒன்று: இந்த இருபது இலக்கங்களில் 2 மட்டும் எங்குமே இல்லை. முழுக்க முழுக்க இரண்டுகளால் செய்த எண்ணில் இரண்டு இல்லை! இதில் கணித ரகசியம் எதுவும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் சிரிப்பு வருகிறது.

சிறிய வகுத்திகளைத் தட்டிப் பாருங்கள்

ஒற்றைப்படை, எனவே 2 போகாது. 5இல் முடிகிறது, எனவே 5 போகும். இலக்கக் கூட்டல் 87, எனவே 3 போகும், 9 போகாது.

7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் சோதிக்கலாம். 7 × 11 × 13 = 1001. மும்மூன்றாக வெட்டி வைத்தீர்கள் அல்லவா, அவற்றை வலப்பக்கத்திலிருந்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்: 615 − 551 + 709 − 73 + 744 − 446 + 18 = 1016. அதிலிருந்து 1001 போனால் 15. பதினைந்தை 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் மீதி 4, 13ஆல் மீதி 2. மூன்றுமே போகாது. இப்படியே 17, 19, 23 என்று ஏறிக்கொண்டே போனால் விடிந்துவிடும். இங்கேதான் எண் பிறந்த விதம் கைகொடுக்கிறது.

வாளை எடுங்கள்: அ² − ஆ²

(அ + ஆ)(அ − ஆ) = அ² − ஆ². பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு, இது எதற்கு என்று நினைத்த சூத்திரம். 2⁶⁴ என்பது 2³²இன் வர்க்கம், 1 என்பது 1இன் வர்க்கம். எனவே

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1)

இரண்டாவது துண்டு மறுபடியும் அதே வடிவம். அதை (2¹⁶ + 1)(2¹⁶ − 1) ஆக்கலாம். திரும்பவும், திரும்பவும். கடைசியில் 2 − 1 = 1 என்று வந்து நிற்கும்போது கையில் இருப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இருபது இலக்கப் பூதம் ஆறு துண்டாகிவிட்டது. இவை ஒவ்வொன்றும் இரண்டின் அடுக்கோடு ஒன்று கூட்டிய எண், அந்த அடுக்கும் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பது. பியர் டி ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் 1640களில் இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, இவை எல்லாமே பகா எண்கள் என்று நம்பினார். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள்தாம். ஆறாவதான 4294967297இல்தான் அவர் சறுக்கினார். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழித்து, 1732இல், ஆய்லர் என்ற கணித மேதை அதை உடைத்துக் காட்டினார்.

641: இங்கே கொஞ்சம் நின்று போவோம்

இந்தக் கட்டுரையே இந்த மூன்று இலக்க எண்ணுக்காக எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4294967297ஐ 641 மீதியில்லாமல் வகுக்கும். வகுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது ஒரு விதம். வகுக்காமலே தெரிந்துகொள்வது இன்னொரு விதம், அதுதான் அழகு.

641ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 640 + 1 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

முதல் வரி சொல்வது: 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால், முழுதாகப் போக ஒன்று குறைகிறது, அதாவது மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி (−1)⁴ = 1. ஆகவே 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவது வரி சொல்வது: 5⁴இன் மீதியும் −2⁴இன் மீதியும் ஒன்றே. முன்னதில் 5⁴ இருந்த இடத்தில் −2⁴ஐப் போடுங்கள். −2⁴ × 2²⁸, அதாவது −2³²இன் மீதி 1. அப்படியானால் 2³²இன் மீதி −1. அதோடு ஒன்று கூட்டினால் மீதி பூஜ்ஜியம். முடிந்தது.

ஒருதடவை படித்தால் புரியாமல் போகலாம். நோட்டில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஆனால் உங்களுக்கு நியாயமாக ஒரு சந்தேகம் வர வேண்டும். 641ஐத்தான் சோதிக்க வேண்டும் என்று ஆய்லருக்கு எப்படித் தெரிந்தது? அங்கேயும் ஒரு தர்க்கம் இருக்கிறது. 2³² + 1ஐ வகுக்கும் ஒரு பகா எண் இருக்கிறது என்று கொள்வோம். அதை 'ப' என்று வைப்போம். 2, 4, 8, 16 என்று அடுக்குகளை ப-வால் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதினால், 32ஆவது இடத்தில் −1 வரும், 64ஆவது இடத்தில் 1 வரும், அதற்குப் பிறகு பழைய மீதிகளே திரும்பச் சுற்றும். அந்தச் சுற்றின் நீளம் 64ஐ வகுக்க வேண்டும், ஆனால் 32ஐ வகுக்கக் கூடாது. எனவே அது சரியாக 64. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, (ப − 1)ஆவது இடத்திலும் மீதி 1 வந்தே ஆக வேண்டும். ஆகவே 64 என்பது ப − 1ஐ வகுக்கும். ஃபெர்மாவின் தேற்றமே ஃபெர்மாவின் நம்பிக்கையைக் கவிழ்க்க உதவியது.

அப்படியானால் எல்லா எண்களையும் சோதிக்க வேண்டாம். 64இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை மட்டும்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து வகுத்தல். ஐந்தாவதில் உடைந்துவிட்டது. பின்னாளில், 1878இல், எதுவார் லூகா இதை இன்னும் கூர்மையாக்கி, 128இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை மட்டுமே போதும் என்று காட்டினார். அதன்படி பார்த்தால் 641க்கு முன்னால் சோதிக்க வேண்டியது 257 ஒன்றுதான்.

வகுத்தால் ஈவு 6700417.

6700417 பகா எண்ணா?

புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் அவசரப்பட்டு நிறுத்திவிடுவார்கள். ஏழு இலக்க எண்ணைப் பார்த்ததும் 'பகா எண் மாதிரிதான் இருக்கிறது' என்று தோன்றும். மாதிரி என்பதெல்லாம் கணக்கில் செல்லாது.

இதன் வர்க்கமூலம் 2588க்குச் சற்று மேல். அதுவரையுள்ள பகா எண்களை எல்லாம் சோதிக்க வேண்டும் என்றால் நூற்றுக்கணக்கில் போகும். ஆனால் இதுவும் 4294967297இன் துண்டுதானே, ஆகவே இதை வகுக்கும் பகா எண்ணும் 128இன் மடங்கு கூட்டல் ஒன்று என்ற வடிவில்தான் இருக்க வேண்டும். 2588 வரை அப்படிப்பட்டவை இருபது. அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. அவ்வளவுதான். வகுத்துவிடுங்கள். மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622 வர வேண்டும். ஒன்றிலும் பூஜ்ஜியம் இல்லை, எனவே 6700417 பகா எண். நூற்றுக்கணக்கான வகுத்தல் ஐந்தாகச் சுருங்கியது, எண் எங்கிருந்து வந்தது என்று நாம் மறக்காததால்.

இப்போது முழுப் பகாக் காரணிப் பட்டியலைக் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள்:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

காரணிகள் கையில் இருந்தால் மீதியெல்லாம் சுலபம்

எத்தனை வகுத்திகள்? ஏழு பகா எண்களும் ஒருமுறைதான் வருகின்றன. ஒவ்வொன்றையும் கூடையில் போடலாம், அல்லது விடலாம். 2⁷ = 128 வகுத்திகள். நடுவில் வரும் ஜோடியைக் கவனியுங்கள்: 4294967295 × 4294967297. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 2.

வகுத்திகளை எல்லாம் கூட்டினால்? ஒவ்வொரு பகா எண்ணோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418 = 31421980989189888768. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 12975236915480337153. இது நம் எண்ணைவிடச் சிறியது, எனவே நம் எண் ஒரு குறை எண். தன் வகுத்திகள் எல்லாம் சேர்ந்தும் தன்னை எட்டவில்லை.

1 முதல் இந்த எண் வரை, இதோடு பொதுக்காரணி எதுவும் இல்லாத எண்கள் எத்தனை? இப்போது ஒவ்வொன்றிலும் ஒன்று கழித்துப் பெருக்குங்கள்: 2 × 4 × 16 × 256 × 640 × 65536 × 6700416 = 9208981628670443520. மொத்தத்தில் பாதிக்கு ஒரு மயிரிழை குறைவு.

இதே கணக்கை 32 கட்டம் மட்டும் உள்ள பலகைக்குப் போட்டுப் பாருங்கள். அந்த எண் 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. ஒன்று கழித்துப் பெருக்கினால் 2 × 4 × 16 × 256 × 65536 = 2³¹. சுத்தமான இரண்டின் அடுக்கு! 64க்கு வந்ததும் அந்தச் சுத்தம் கெட்டுவிட்டது. கெடுத்தது யார்? 640இல் ஒரு 5 ஒளிந்திருக்கிறது, 6700416இல் ஒரு 3 ஒளிந்திருக்கிறது.

இந்தச் சுத்தத்துக்கு வடிவியலில் ஒரு மதிப்பு உண்டு. அளவு குறிக்காத அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்பது பழைய கிரேக்கக் கேள்வி. 17 பக்கம் கொண்டதை வரையலாம் என்று 1796இல் காஸ் கண்டபோது அவருக்கு வயது 18. பொது விதியை 1837இல் வாண்ட்செல் நிறைவு செய்தார். விதி இதுதான்: பக்க எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் (மேலே பார்த்த ஃபெர்மா வரிசையில் வரும் பகா எண்களின்) பெருக்கலாக இருக்க வேண்டும். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான். எனவே இப்போதைக்கு அப்படி வரையத்தக்க ஒற்றைப்படைப் பலகோணங்கள் 31, அவற்றில் பெரியது 4294967295 பக்கம் கொண்டது. நம் இருபது இலக்க எண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை, 641 குறுக்கே நிற்கிறது. 65537 பக்கத்துக்கான வழிமுறையை யோகான் குஸ்தாவ் ஹெர்மஸ் என்பவர் பத்தாண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து எழுதினார். அந்தக் கைப்பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. யார் சரிபார்த்திருப்பார்கள் என்று எனக்குள் ஒரு குறும்பான கேள்வி.

வர்க்கங்களும் முக்கோணங்களும்

இது முழு வர்க்கம் இல்லை என்பதைப் பார்த்தவுடனே சொல்லலாம். 5இல் முடியும் வர்க்கம் எப்போதும் 25இல்தான் முடியும், இது 15இல் முடிகிறது. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவாவது எழுதலாமா? முடியாது. மூன்று வர்க்கங்கள்? அதுவும் முடியாது. 8ஆல் வகுத்தால் இதன் மீதி 7. வர்க்க எண்களை 8ஆல் வகுத்தால் 0, 1, 4 மட்டுமே மீதி வரும். அவற்றில் மூன்றை எப்படிச் சேர்த்தாலும் 7 வராது, போட்டுப் பாருங்கள். நான்கு வர்க்கங்கள் வேண்டும். நான்கு எந்த எண்ணுக்கும் போதும் என்று 1770இல் லக்ராஞ்ச் நிறுவியிருக்கிறார்.

முக்கோண எண்ணா என்ற கேள்விதான் சுவாரசியம். 1, 3, 6, 10, 15 என்று கோலப்புள்ளி வைப்பதுபோல அடுக்கினால் வருபவை முக்கோண எண்கள். ஓர் எண்ணை 8ஆல் பெருக்கி ஒன்று கூட்டினால் முழு வர்க்கம் வருமானால் அது முக்கோண எண். நம் எண்ணுக்கு அப்படிச் செய்தால் 2⁶⁷ − 7 வருகிறது. இது வர்க்கமா?

இந்தக் கேள்வியை அப்படியே பொதுவாக்கி 1913இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் கேட்டவர் நம் ராமானுஜன். இரண்டின் அடுக்கிலிருந்து 7ஐக் கழித்தால் எப்போதெல்லாம் வர்க்கம் வரும்? அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது 1, 9, 25, 121, 32761 வருகின்றன. கடைசியது 181இன் வர்க்கம். வேறு உண்டா? இல்லவே இல்லை என்று 1948இல் நார்வேக்காரரான நாகெல் நிறுவினார். பட்டியலில் 67 இல்லை, எனவே நம் எண் முக்கோண எண் இல்லை. இந்தக் குடும்பத்தில் கடைசி முக்கோண எண் 4095, அதாவது 90 × 91இல் பாதி. பன்னிரண்டு கட்டப் பலகையோடு முடிந்த கதை.

பக்கத்து வீட்டு எண்

லூகாவை மேலே பார்த்தோம். 1883இல் அவர் ஒரு விளையாட்டுச் சாமானும் வெளியிட்டார். மூன்று குச்சி, அளவில் ஒன்றைவிட ஒன்று சிறிய வட்டுகள், பெரியதைச் சிறியதன் மேல் வைக்கக் கூடாது: ஹனோய் கோபுரம். தன் பெயரின் எழுத்துகளையே மாற்றிப் போட்டு ஒரு புனைபெயரில் வெளியிட்டார். காசிக் கோயிலில் 64 தங்க வட்டுகளை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள், முடிந்தால் உலகம் அழியும் என்று ஒரு கதையும் அதோடு கிளம்பியது. 64 வட்டுகளுக்குத் தேவையான நகர்த்தல்கள் சரியாக 18446744073709551615. விநாடிக்கு ஒன்று என்று நகர்த்தினால் சுமார் 58,454 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். இப்போதைக்குப் பயமில்லை.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். நம் எண்ணோடு இரண்டு கூட்டுங்கள்: 18446744073709551617. அதாவது 2⁶⁴ + 1. இருபது இலக்கம், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் இதில் நடுவே இருப்பது கழித்தல் இல்லை, கூட்டல். அ² − ஆ² வாள் இங்கே வேலை செய்யாது. நாம் ஒரு மதியத்தில் பிரித்த எண்ணுக்குப் பக்கத்து எண் இது. இதன் காரணிகளை 1880இல் லாந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்டபோது அவருக்கு 82 வயது. சின்னக் காரணி 274177. அதிலிருந்து ஒன்றைக் கழித்து 256ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியின்றிப் போகும். அது ஏன் என்பதை 641 பகுதியில் சொன்ன தர்க்கத்தையும், அதை லூகா கூர்மையாக்கியதையும் வைத்து நீங்களே சொல்லிவிடலாம்.

பிறகு 18446744073709551617ஐ 274177ஆல் நீள்வகுத்தல் செய்யுங்கள். முதல் ஏழு இலக்கத்தில் 6 தடவை போகும், மீதி 199612. அடுத்த இலக்கத்தை இறக்கினால் 7 தடவை, மீதி 76885. அடுத்து 2, மீதி 220496. அதற்கடுத்து 8, மீதி 11551. இங்கே மீதி சட்டென்று சின்னதாகிவிடுவதால் அடுத்த படியில் ஈவில் 0 போடுவதை மறந்துவிடுவோம், ஜாக்கிரதை. ஈவு 67280421310721, கடைசி மீதி பூஜ்ஜியம்.